கொழும்பு வெக்கைக்க இருந்து பண்ணை வூல் பின்னத் தொடங்கிற ஆக்களுக்கு

இந்த வேர்வைக்க இருந்துகொண்டு வூல் பின்னுற வேலை என்னத்துக்கு எண்டு ஓட்டோக்காரர்ல இருந்து மேல் வீட்டு அன்ரி வரைக்கும் எல்லாரும் கேட்டு முடிஞ்சுது. வெள்ளவத்தையில குளிர் நாட்டில ஒரு பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு ஒண்டு காட்டுங்கோ பாப்பம். ரொறன்ரோவில பேரன் பிறந்தா ஒரு தொப்பி, லண்டனில மச்சானுக்கு ஒரு மஃப்ளர், ஏப்ரல் லீவுக்கு நுவரெலியா போறதெண்டா பிள்ளையளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர், தேவை இருந்துகொண்டுதான் இருக்கு. பின்னத் தெரிஞ்ச ஆக்களும் கனபேர், கொன்வென்ற்ல படிச்ச அம்மம்மாமாருக்கு அது கை பழகின வேலை. தெரியாதது நூலைப் பற்றித்தான்.

எனக்கும் தெரியாமத்தான் இருந்தது. தங்கச்சி இங்கிலாந்தில யோர்க்ஷயர் பக்கம் இருக்கிறா, அவவின்ர வீட்டில இருந்து நடக்கிற தூரத்தில ஒரு வயசான தம்பதி நாப்பது செம்மறி வைச்சு, அதின்ர ரோமத்தில நூல் செய்விச்சு தாங்களே விக்கினம். பண்ணை நூல் எண்டு நான் சொல்லுறது அப்பிடிப்பட்ட நூலைத்தான். ரெண்டு தரம் போனனான், ஒருக்கா குட்டி போடுற நேரம், ஒருக்கா ரோமம் கத்தரிக்கிற நேரம். வேடிக்கை பாக்கப்போன நான் வரேக்க சூட்கேஸ் நிறைய நூலோட வந்து, அதில அரைவாசியைப் பழுதாக்கி, மிச்சத்தில படிச்சதுதான் இது. ஆளாளுக்கு போன்ல சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதான் ஒரே இடத்தில எழுதிறன்.

முதல் வேலை: வீட்டில இருக்கிறது வூல்தானா எண்டு பாருங்கோ

100 பஸ்ல ஏறி புறக்கோட்டையில இறங்கி கெய்சர் வீதிப் பக்கம் போய் "வூல் இருக்கா" எண்டு கேட்டா கலர் கலரா எடுத்துப் போடுவினம். அதில அனேகமா எல்லாமே அக்ரிலிக், பிளாஸ்ரிக் குடும்பம். கடைக்காரர் பொய் சொல்லேல்ல, எங்கட ஊரில பின்னுற நூல் எல்லாத்துக்கும் பேர் வூல்தான், அவ்வளவுதான்.

சோதிக்கிறது லேசு. ரெண்டு அங்குல நூல் வெட்டி, குசினி சிங்க்குக்கு மேல இடுக்கியால பிடிச்சு நெருப்பு வையுங்கோ. ஆட்டு ரோமம் எண்டா தலைமயிர் கருகிற மணம் வரும், நெருப்பை எடுத்தாத் தானா அணையும், மிஞ்சிற கரியை விரலால நசிச்சா தூளாப் போகும். அக்ரிலிக் எண்டா உருகி, சொட்டி, கடைசியில கறுத்த மணி மாதிரி இறுகிப்போய் இருக்கும். சொட்டுறது கையில பட்டா தோல் உரியும், கவனம்.

அக்ரிலிக்கை நான் கேவலமாச் சொல்லேல்ல. பின்னிப் பழகிறதுக்கு அதைவிட நல்லது இல்ல, பிழைச்சா இழுத்து அவிழ்த்துப்போட்டு திருப்பிப் பின்னலாம், மெஷின்ல போடலாம். முதல் மூண்டு மாசம் அதிலயே பழகுங்கோ. கை நிதானத்துக்கு வராமல் பண்ணை நூலைத் தொட்டா காசும் போய் மனமும் நொந்து போகும்.

எங்கட ஆட்டில ஏன் வூல் வராது

இதையும் கட்டாயம் கேப்பினம். "வவுனியாவில காணி கிடக்கு, செம்மறி விட்டு வூல் எடுத்தா என்ன?" எடுக்கேலாது. யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்துச் செம்மறிக்கு இருக்கிறது மயிர், கம்பளி ரோமம் இல்ல, அது வெக்கை தாங்கிற சாதி, இறைச்சிக்கும் எருவுக்கும்தான் வளக்கிறது. குளிர் நாட்டுச் சாதியைக் கொண்டுவந்து இறக்கினா இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் காலில புழு, தோலில புழு எண்டு அதுவும் பாவம் நீங்களும் பாவம். பக்கத்தில எண்டு பாத்தா நீலகிரியில ஒரு சாதி இருக்கு, ஊட்டிக்குக் கிட்ட சாண்டிநல்லாவில தமிழ்நாட்டு கால்நடைப் பல்கலைக்கழகத்தின்ர ஆராய்ச்சி நிலையத்தில வைச்சுப் பாதுகாக்கினம், மலைக்குளிர் இருக்கிறதால அங்க சரிவருது. வவுனியாவுக்கு அந்த மலை இல்ல. ஆடு வளக்க ஆசையெண்டா இறைச்சிக்கு வளக்கலாம், வூலை வாங்குங்கோ.

பண்ணையில என்ன நடக்குது, ஏன் அந்த விலை

நூறு கிராம் நூல் 15 பவுணுக்குக் குறைய அனேகமாக் கிடைக்காது, 20, 25க்கும் போகும். எங்கட காசுக்கு மாத்திப் பாத்தா முதல்ல நெஞ்சு அடைக்கும். அந்த விலை எங்க இருந்து வருதெண்டு விளங்கினாத்தான் எதுக்குக் குடுக்கலாம் எதுக்குக் குடுக்கக்கூடாது எண்டு தெரியும், அதால இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

ஆட்டுக்குச் சினைக்காலம் கிட்டத்தட்ட 147 நாள். இங்கிலாந்துக்காரர் நவம்பர் 5, அவையின்ர வெடி கொளுத்திற நாளில கடாவை மந்தைக்க விட்டா ஏப்ரல் 1 முட்டாள்கள் நாளுக்கு முதல் குட்டி விழும் எண்டு பகிடியாச் சொல்லுவினம், கணக்கும் சரிதான். கடாவின்ர நெஞ்சில சாயம் பூசி விடுவினம், எந்த மறியில ஏறினது எண்டு மறியின்ர முதுகைப் பாத்தாத் தெரியும். சிரிப்பா இருக்கும், ஆனா நூலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. ஆட்டில பூசுற சாயம் கழுவப் போகாத சாதியெண்டா அந்த ரோமத்தை வெட்டி எறிய வேணும், நல்ல பண்ணைக்காரர் இதில சரியான கவனம்.

குட்டி போடுற மாசம் அந்த ரெண்டு பேரும் படுக்கிறதே இல்ல. ரா ரெண்டு மணிக்கு டோர்ச்சோட கொட்டிலுக்குப் போய், குட்டி குறுக்கால கிடந்தா கை விட்டுத் திருப்பி, தாய் நக்காட்டி துணியால துடைச்சு, குளிர்ல விறைச்சதை அடுப்படியில பெட்டிக்க வைச்சு. இப்பிடி ஒரு பண்ணையைப் பாக்கப் போறவைக்கு ஒரு விஷயம்: வயித்தில பிள்ளை இருக்கிற ஆக்கள் குட்டி போடுற காலத்தில ஆட்டுக்குக் கிட்டவும் போகக்கூடாது, அந்த உடுப்பைத் தோய்க்கவும் கூடாது. கருவைக் கலைக்கிற கிருமியள் அந்த நேரத்து ஆட்டில இருந்து தொத்தும், அங்கத்தைய ஆஸ்பத்திரியளே அப்பிடித்தான் சொல்லுறது. எங்கட சனம் வெளிநாடு போனா ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைச்சுப் படம் எடுக்காமல் விடாது, அதான் சொல்லுறன்.

ரோமம் கத்தரிக்கிறது வருசத்துக்கு ஒருக்கா, மே கடைசியில இருந்து ஜூலைக்குள்ள. வெயில் வர ஆட்டின்ர மேல் எண்ணெய்ப்பசை இளகி, பழைய ரோமத்துக்குக் கீழ புதுசு முளைச்சு அதைக் கொஞ்சம் மேல தூக்கும், அந்த இடைவெளியில கத்தரி போனாத்தான் வழுக்கிக்கொண்டு போகும். பிந்தினா கோடையில இலையான் ரோமத்துக்க முட்டை போட்டு புழு தோலைத் தின்னத் தொடங்கிடும், ஆக கத்தரிக்கிறது ஆட்டின்ர நன்மைக்கும்தான். ஆடு நனைஞ்சிருந்தா கத்தரிக்கேலாது. நான் போன கிழமை மூண்டு நாள் விடாத மழை. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை எங்களுக்குத் தெரியும், அங்க பண்ணைக்காரரே அழாத குறைதான், ஏனெண்டா கத்தரிக்கிற ஆள் ஊர் ஊராப் போற ஆள், இண்டைக்கு விட்டா பிறகு எப்ப வருவாரோ தெரியாது.

அந்த மனுசன் வேலை செய்யிறதைப் பாக்க வேணும். ஆட்டைப் பிடிச்சுக் குண்டியில இருத்தி, முழங்காலுக்க அமத்தி, ரெண்டு மூண்டு நிமிசத்தில முழு ரோமமும் ஒரே விரிப்பா, சேட் கழட்டின மாதிரி வந்து விழும். பிறகு அதை மேசையில விரிச்சு ஓரத்தில இருக்கிற சாணி பட்டது, வயித்துப் பக்கத்தது, சிக்கானது எல்லாத்தையும் பிச்சு எறிவினம். எனக்கு அந்த வேலை தந்தவை. ரெண்டு நாளைக்குக் கையில எண்ணெய் மணம் போகேல்ல, ஆனா உள்ளங்கை குழந்தைப்பிள்ளையின்ர கை மாதிரி மெத்தெண்டு இருந்தது, லனோலின் எண்டு கிறீம்ல போடுறது இதைத்தான்.

இப்ப கணக்குக்கு வாங்கோ. ஒரு ஆட்டில ரெண்டு கிலோ வருதெண்டு வைப்பம். பிச்சு எறிஞ்சது போக ஒண்டரை, ஒண்டேமுக்கால். கழுவினா எண்ணெயும் வேர்வையும் மண்ணும் போய் அதில மூண்டில ஒண்டு, சில சாதியில அரைவாசி குறையும். சீவி நூக்கேக்க இன்னும் கொஞ்சம். மிஞ்சிறது ஒரு கிலோவைச் சுத்தித்தான், பத்து நூல்கட்டு, அவ்வளவுதான் ஒரு ஆட்டின்ர ஒரு வருசம். இதுக்கு கத்தரிக்கிற கூலி, சின்ன மில்லுக்குக் கழுவ, சீவ, நூக்க, முறுக்க எண்டு கிலோக் கணக்கில கூலி, போக்குவரத்து. மில்லுக்குக் குடுத்தா கையில வரவே மாசக்கணக்காகும்.

கழுவாமல் அப்பிடியே வித்தா என்ன எண்டு கேட்டன். அங்க 1950ல தொடங்கின வூல் சபை ஒண்டு இருக்கு, 4 ஆட்டுக்கு மேல வைச்சிருக்கிறவை அதில பதியவேணும், சபை எல்லாற்ற ரோமத்தையும் சேத்து ஏலத்தில விக்கும். சாதாரண ரோமத்துக்கு வாற காசு எத்தினையோ வருசம் கத்தரிக்கிற கூலிக்கே காணாமல் போயிருக்கு, 2020 கோவிட் நேரம் விலை விழுந்து சிலர் எருக்கும்பியிலயே போட்டவை. அதாலதான் சின்னப் பண்ணைக்காரர் நூலாக்கி விக்கத் தொடங்கினது. ஆக நீங்க குடுக்கிற 20 பவுணில ஆட்டுக்காரருக்கு மிஞ்சிறது சொற்பம். பேரம் பேசாதேங்கோ, புறக்கோட்டைப் பழக்கத்தில "லாஸ்ற் பிறைஸ்" கேட்டு தங்கச்சியிட்ட நான் கிள்ளு வாங்கினனான்.

எந்த ஆடு எண்டு பாத்து வாங்குங்கோ, கலரைப் பாத்து இல்ல

புதுசா வாற ஆக்கள் எல்லாரும் விடுற பிழை இது. நல்ல நீலமா இருக்கெண்டு வாங்கி, தொப்பி பின்னி, பிள்ளைக்குப் போட்டா நெத்தி சிவந்து கடிக்குது எண்டு கழட்டி எறியும். கடிக்கிறது ரோமத்தின்ர தடிப்பாலதான். தடிப்பை மைக்ரோன்ல அளக்கிறது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா அதில ஒண்டு, எங்கட தலைமயிர் அம்பது அறுபதுக்கு மேல வரும். ரோமத்தில 30 மைக்ரோனுக்கு மேல உள்ள தும்பு கூட இருந்தா நுனி வளையாமல் தோலைக் குத்தும், அதைத்தான் நாங்க வூல் அலர்ஜி எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம்.

மெரினோ ஆடு எண்டா 24 மைக்ரோனுக்குக் கீழ, நல்ல மெத்தை, கழுத்துக்கும் குழந்தைக்கும் ஏத்தது, ஆனா கெதியா மேல உருண்டை உருண்டையாத் திரளும். புளூஃபேஸ்ட் லெஸ்ரர் 24ல இருந்து 28க்குள்ள, பட்டு மாதிரி ஒரு மினுக்கம் இருக்கும், என்னைக் கேட்டா முதல் பண்ணை நூல் இதைத்தான் வாங்கவேணும், மெத்தெண்டும் இருக்கும் கெதியாத் தேயாது. ஷெட்லண்ட் ஆடு சின்ன ஆடு, ரோமமும் ஒரு கிலோ ஒண்டரைதான், ஆனா இயற்கையாவே வெள்ளை, சாம்பல், மண்ணிறம், கறுப்பு எண்டு இத்தினை நிறம் வேற சாதியில காணேலாது, சாயமே போடாமல் பூப்பின்னல் போடலாம். கொரிடேல் 25ல இருந்து 31, ரொம்னி அதுக்கும் மேல, இது ரெண்டும் ஸ்வெட்டருக்கு நல்லம், உள்ள ஒரு சேட் போட்டுத்தான் போடவேணும். ஹெர்ட்விக் எண்டு இங்கிலாந்தின்ர ஏரி மாவட்டத்து ஆடு ஒண்டு, குட்டியில கறுப்பா இருந்து வளர வளர சாம்பலாகும், பாக்க நல்ல வடிவு, ஆனா ரோமம் தும்புத்தடி மாதிரி. மிதியடி, பை பின்னலாம். நான் அதில அப்பாவுக்கு மஃப்ளர் பின்னினனான். ஒருக்காப் போட்டுப் பாத்திட்டு "பிள்ளை, இது கோயில் தேர்வடமோ" எண்டு கேட்டார்.

லேபிள்ல ஆட்டின்ர சாதி எழுதாமல் வெறும் "வூல்" எண்டு மட்டும் இருந்தா பண்ணைக்காரரைக் கேளுங்கோ, நல்ல ஆள் எண்டா சாதி மட்டுமில்ல ஆட்டின்ர பேரும் சொல்லுவார். கன்னத்தில இல்ல, கழுத்தில அஞ்சு நிமிசம் வைச்சுப் பாருங்கோ, கழுத்துத்தான் சரியான தராசு.

தடிப்பும் அளவும்

நூலின்ர தடிப்புக்குப் பேர் இருக்கு, ஃபோர் பிளை மெல்லிசு, டிகே நடுத்தரம், அரன் தடிப்பு. ஃபோர் பிளை எண்டா நூறு கிராமில கிட்டத்தட்ட 400 மீட்டர், டிகே எண்டா 200ல இருந்து 250, அரன் எண்டா 160, 180. கிராமைப் பாத்து வாங்காதேங்கோ, மீட்டரைப் பாருங்கோ. முதல்ல டிகேயில ஒரு கட்டு வாங்குங்கோ, பெரியாளின்ர தொப்பி ஒண்டு அதில தாராளமா வரும். மஃப்ளருக்கு ரெண்டு. ஸ்வெட்டருக்கு அஞ்சு ஆறு வேணும், அதெண்டா ஒரே சாயத்தொகுதி இலக்கம் உள்ளதா ஒரே தரத்தில வாங்கவேணும், சின்னப் பண்ணையில போன வருச நிறம் இந்த வருசம் வராது, ஆடே வேற ஆடா இருக்கும்.

கொண்டுவாறது ஆராவது வரேக்க சூட்கேஸ்ல போட்டு விடுறதுதான் வசதி, நூல்கட்டை உடுப்புக்கிடையில வைச்சா கண்ணாடிச் சாமானுக்கும் காவல். பார்சல்ல வந்தா சுங்கம், வரி எண்டு நூலின்ர விலை ஏறிப்போகும். ஆனா ஒண்டு, கழுவாத பச்சை ரோமத்தை ஆசைக்கும் கொண்டுவராதேங்கோ. மிருகப் பொருள் இறக்கிறதுக்கு மிருக உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், சும்மா வைச்ச சட்டம் இல்ல. 2001ல இங்கிலாந்தில ஆடு மாட்டுக்குக் கால்-வாய் நோய் வந்து 60 லட்சத்துக்கு மேல ஆடு மாடு கொல்ல வேண்டி வந்தது. ஒரு பை ரோமத்தில எங்கட மாடுகளுக்கு அப்பிடி ஒண்டைக் கொண்டுவந்து சேக்காதேங்கோ.

கட்டைப் பிரிக்கிறது

பண்ணை நூல் புறக்கோட்டை நூல் மாதிரி உருண்டையா வராது, முறுக்கின பின்னல் மாதிரி கட்டா வரும். அதில இருந்து நேரா இழுத்துப் பின்னத் தொடங்கினீங்களெண்டா அண்டைக்கு வீட்டில சமையல் இல்ல. முறுக்கைக் கழட்டினா பெரிய வளையமா விரியும், அதைக் கதிரை முதுகில போடுங்கோ, இல்லாட்டி வீட்டில சும்மா இருக்கிற ஒரு ஆளைப் பிடிச்சு ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி அதில போடுங்கோ, கட்டியிருக்கிற சின்ன நூலுகளை வெட்டுங்கோ, ஒரு நுனியைப் பிடிச்சு உருண்டையாச் சுத்துங்கோ. இறுக்கிச் சுத்தாதேங்கோ, நூலுக்க காத்து இருக்கவேணும், கட்டைவிரலை உள்ளுக்க விட்டுச் சுத்தினா சரியா வரும். சுத்தேக்க ஃபானை நிப்பாட்டுங்கோ. நான் நிப்பாட்டாமல் இருந்து, ஒரு சுத்து பறந்துபோய் ஃபான்ல மாட்டி, 400 மீட்டர் ஃபோர் பிளையை ரெண்டு பின்னேரமும் ஒரு போயா லீவும் இருந்து பிரிச்சனான்.

வைக்கோல் துண்டு, புல்லு விதை வரும். பயப்பிடாமல் கிள்ளி எறியுங்கோ. ஆட்டு மணமும் கொஞ்சம் வரும், முதல் கழுவலோட போயிடும்.

ஊசி

டிகேக்கு 4 மில்லிமீட்டர், ஃபோர் பிளைக்கு 3.25. அம்மம்மாவின்ர பழைய ஊசிப்பெட்டி வீட்டில இருந்தா அதில மில்லிமீட்டர் இருக்காது, பழைய இங்கிலீஷ் இலக்கம் இருக்கும், அந்தக் கணக்கில இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லிசு. 8 எண்டா 4 மில்லிமீட்டர், 10 எண்டா 3.25. மூங்கில் ஊசி நல்லம் எண்டு சொல்லுவினம், குளிர் நாட்டில சரி, எங்கட கை வேர்வைக்கு நூல் அதில ஒட்டிக்கொண்டு நகராது. அலுமினியம் அல்லது ஸ்ரீல். பின்ன நல்ல நேரம் விடிய அஞ்சரைக்கும் ஏழுக்கும் இடையில, ரீயைக் குடிச்சிட்டு கையை நல்லாத் துடைச்சிட்டு இருந்தா ஒரு சுத்தில எவ்வளவோ போகும்.

பின்னத் தொடங்க முன்னம் பத்து சென்ரிமீட்டருக்கு ஒரு சதுரத் துண்டு பின்னி, அதைக் கழுவிக் காயவைச்சு, பிறகு பின்னல் கண் எத்தினை எண்டு எண்ணுங்கோ. பஞ்சிப்பட்டு இதை விடாதேங்கோ. பண்ணை நூல் கழுவினாப்பிறகு பூரிச்சு வரும், கழுவ முன்னம் எண்ணின கணக்கில பின்னினா தொப்பி கண்ணை மூடும்.

கழுவிறது

இதில பிழைச்சா முன்னம் செய்த எல்லாம் வீண். ரோமத்தைப் பெரிசாக்கிப் பாத்தா மீன் செதில் மாதிரி செதில் செதிலா இருக்கும். சூடு, உரசல், சோப்பின்ர காரம் மூண்டும் சேந்தா அந்தச் செதில் விரிஞ்சு ஒண்டோட ஒண்டு கொழுவி இறுகும், இறுகினது இறுகினதுதான், ஆராலயும் திருப்பி இளக்கேலாது. கடையில வாற மெரினோவில கனக்க சூப்பர்வோஷ், குளோரின்ல அந்தச் செதிலைத் தேய்ச்சு மேல ஒரு பிளாஸ்ரிக் பூச்சும் பூசினது, அதை மெஷின்ல போடலாம். சின்னப் பண்ணை நூல் அனேகமா அப்பிடிச் செய்யாதது.

மருமகளுக்கு நான் ரெண்டு மாசம் மினக்கெட்டுப் பின்னின ஸ்வெட்டரை அவ ரொறன்ரோவில வோஷிங் மெஷின்ல போட்டு, ட்றையர்லயும் போட்டு, எடுத்துப் படம் அனுப்பினா, பார்பி பொம்மைக்கு அளவா இருந்தது. அவவில பிழை இல்ல, நான் சொல்லேல்ல. அண்டையில இருந்து என்ன அனுப்பினாலும் கழுவிற விதத்தைத் துண்டில எழுதி உள்ளுக்கயே தைச்சு விடுறன்.

முறை இதுதான். பேசினில தண்ணி, 30 பாகைக்குக் கிட்ட. கொழும்பில காலமைக் குழாய்த் தண்ணியே அந்தச் சூடுதான், சுடவைக்கத் தேவையில்ல, ஆனா மத்தியானம் பிடியாதேங்கோ, மொட்டைமாடி டாங்க்கில தண்ணி ரீ போடுற பதத்துக்கு வந்திருக்கும். பிள்ளையளின்ர ஷாம்பு ஒரு தேக்கரண்டி கலந்து, உடுப்பை மெதுவா அமத்தி, இருபது நிமிசம் அப்பிடியே விடுங்கோ. சோப்புக்கட்டி வேண்டாம், வெளுக்கிற ப்ளீச் கிட்டவும் வேண்டாம், ப்ளீச்சில ரோமம் கரைஞ்சே போகும். கசக்காதேங்கோ, பிழியாதேங்கோ, கல்லில அடிக்கிற பழக்கத்தை மறந்துபோங்கோ. அதே சூட்டுத் தண்ணியில அலசி, தூக்கேக்க முழுப்பாரத்தையும் ரெண்டு கையால தாங்கி எடுத்து, துவாயில பாய் சுருட்டிற மாதிரிச் சுருட்டி மேல நிண்டு மிதியுங்கோ. பிறகு விரிச்சுக் காயவிடுறது, கொடியில போட்டா இழுபட்டு முழங்காலுக்கு வரும். நான் பழைய நுளம்பு வலைத்தட்டியை ரெண்டு கதிரைக்கு மேல வைச்சு அதில விரிக்கிறனான். கடல் பக்க பல்கனியில காத்து வரும் எண்டு போட்டா உப்புப் பிசுபிசுப்பு ஏறும், உள் அறையில ஃபானுக்குக் கீழ போடுங்கோ. மே ஜூன் மழைக்கு ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். ரோமம் தன்ர பாரத்தில 30 சதவீதம் வரைக்கும் ஈரம் குடிச்சாலும் தொட்டாக் காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும், கையை நம்பாமல் இன்னொரு நாள் விடுங்கோ. ஈரத்தோட மடிச்சு வைச்சா பூஞ்சணம்.

சாயம் போட ஆசையெண்டா

வெள்ளை நூல் வாங்கி வீட்டில சாயம் போடலாம். நூலின்ர பாரத்தில பத்தில ஒரு பங்கு படிகாரம், அதில ஒரு மணித்தியாலம் மெல்லிய சூட்டில வைச்சிட்டு, பிறகு வெங்காயத்தோல் அவிச்ச தண்ணியில போட்டா பொன் மஞ்சளில இருந்து செம்மஞ்சள் வரைக்கும் வரும். பிலாமரத் தூளும் நல்ல மஞ்சள், பிக்குமாரின்ர காவிக்குப் போட்ட சாயம் அது. மஞ்சள்தூள் வேண்டாம், வெயிலில ரெண்டு கிழமை நிக்காது. கொதிக்க விடாதேங்கோ, சூட்டில இருந்து எடுத்து பச்சைத்தண்ணியில முக்காதேங்கோ, ஆறவிட்டு எடுங்கோ. சாயம் போட்ட சட்டியில சமைக்கக் கூடாது. மன்னாரிலயும் யாழ்ப்பாணத்திலயும் சாயவேர் கிண்டி ஒல்லாந்தருக்குக் குடுத்த காலம் ஒண்டு இருந்தது, சிவப்புக்கு அந்த வேர்தான், அது கையில கிடைச்சா எனக்கும் கொஞ்சம் தாங்கோ.

விக்க யோசிக்கிற ஆக்களுக்கு

ஒக்ரோபர் நவம்பர்லதான் விக்கும், மார்கழிக்கு வெளிநாடு போறவை, நுவரெலியா போறவை தேடுற நேரம். ரேஸ்கோர்ஸ் பக்கம் சனிக்கிழமையில நடக்கிற குட் மார்க்கெட் மாதிரி இடத்தில முதல் போய் ரெண்டு சனி சுத்திப் பாருங்கோ, என்ன விலைக்கு என்ன போகுது எண்டு. பின்னின மணித்தியாலத்துக்குக் கூலி போட்டா ஒருத்தரும் வாங்கமாட்டினம், போடாட்டி உங்களுக்கு நட்டம், ஸ்வெட்டரை விட்டிட்டுத் தொப்பியும் குழந்தைச் சப்பாத்தும் பின்னுங்கோ. லேபிள்ல ஆட்டுச் சாதி, எந்த நாட்டுப் பண்ணை, எத்தினை வீதம் ரோமம், எப்பிடிக் கழுவிறது நாலும் இருக்கட்டும். "உள்ளூர் வூல்" எண்டு எழுதாதேங்கோ, பின்னினது உள்ளூர், ஆடு உள்ளூர் இல்ல.

எடுத்து வைக்கிறது

வூலுக்கு வாற பூச்சி ஒண்டு இருக்கு, மங்கின பொன்னிறம், கிட்டத்தட்ட அரிசிமணியளவுதான், வெளிச்சத்துக்கு வராது, அலுமாரி மூலையில ஓடும். அது தின்னுறதில்ல, அதின்ர புழுதான் ரோமத்தைத் தின்னும். வேப்பிலை வைச்சா வராது எண்டு அம்மா சொல்லுவா, நானும் வைக்கிறனான், ஆனா அதை மட்டும் நம்பி ஒரு ஷெட்லண்ட் சால்வையை இழந்தனான். பூச்சி உருண்டை வைச்சா பூச்சியோட நாங்களும் ஓடவேண்டி வரும், அந்த மணம் நூலை விட்டுப் போகாது. செய்ய வேண்டியது, கழுவி நல்லாக் காய்ஞ்சதை மட்டும் சிப் பையில காத்தை அமத்தி எடுத்திட்டு மூடி வைக்கிறது, ஏனெண்டா வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருக்கிற உடுப்பைத்தான் புழு முதல்ல தேடும். மாசத்துக்கு ஒருக்கா வெளியில எடுத்து உதறுங்கோ. புதுசா வந்த நூல், இல்லாட்டி பூச்சி கண்ட நூல் எண்டா பையோட ஃப்ரீசர்ல ரெண்டு கிழமை, மைனஸ் 18ல முட்டையும் புழுவும் சாகும். எடுத்தா உடன பையைத் திறக்காதேங்கோ, வெளிச்சூட்டுக்கு வரட்டும், இல்லாட்டி எங்கட காத்தில இருக்கிற ஈரம் முழுக்க நூலில இறங்கும். பையில பெரிசா எழுதி ஒட்டுங்கோ. எங்கட வீட்டில ஒரு ஞாயிறு இவர் பாரை மீன் எண்டு நினைச்சு என்ர சாம்பல் நிற ஷெட்லண்டை எடுத்து இளகட்டும் எண்டு தண்ணிக்க போட்டிட்டார்.